வீட்டுப் பட்டறையில பழைய லேத்துக்கு கரண்ட் குடுக்கிறது எப்பிடி? அடிக்கடி கேக்கிற கேள்வியள்

வன்னியில இப்ப கன வளவுகளுக்க ஒரு தகரக் கொட்டிலைப் போட்டு பழைய லேத் (இரும்பு கடையிற மெசின்), ட்ரில், மில்லிங் மெசின் எண்டு வாங்கி வைச்சிருக்கினம், கொழும்புப் பக்கம் ஃபக்டரியள் கழிச்சு விட்டது, யாழ்ப்பாணத்தில மூடின பட்டறையில இருந்து வந்தது, பழைய இரும்புக்காரரிட்ட இருந்து தப்பினது எண்டு பல வழியில வருது. மெசின் லொறியால இறங்கினாப் பிறகுதான் தெரியும், அதில இருக்கிறது த்ரீ பேஸ் மோட்டர், வீட்டுக்கு வந்திருக்கிறது சிங்கிள் பேஸ் (கரண்ட் வயர் ஒண்டுதான், த்ரீ பேஸுக்கு மூண்டு). அந்த இடத்தில நிண்டு கொண்டிருக்கிற ஆக்களுக்குத்தான் இது. லேத் எண்டு எழுதினாலும் மற்ற மெசினுகளுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

மெசின் வந்து இறங்கியாச்சு, முதல் என்ன பாக்கவேணும்?

மோட்டர்ல அடிச்சிருக்கிற தகடு. வேற ஒண்டும் வாங்க முதல், ஒருத்தரிட்டயும் விலை கேக்க முதல், அந்தத் தகட்டில இருக்கிற கறையைத் துடைச்சு போன்ல ஒரு படம் எடுத்து வையுங்கோ. அதில பாக்கவேண்டியது எத்தினை பேஸ், எத்தினை வோல்ட், எத்தினை அம்பியர், எத்தினை எச்பி அல்லது கிலோவாட் (1 எச்பி எண்டால் 746 வாட்), எத்தினை ஹேர்ட்ஸ், நிமிசத்துக்கு எத்தினை சுத்து.

இதில வோல்ட்தான் உயிர். 220/380 அல்லது 230/400 எண்டு ரெண்டு இலக்கம் போட்டு பக்கத்தில ஒரு முக்கோணமும் ஒரு வை எழுத்து மாதிரி அடையாளமும் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம் எண்டு வையுங்கோ, அந்த மோட்டர் டெல்ராவில 230க்கும் ஸ்டாரில 400க்கும் ஓடும் (மோட்டருக்குள்ள இருக்கிற மூண்டு கம்பிச் சுத்தையும் சேர்க்கிற ரெண்டு விதம், முக்கோணம் டெல்ரா, வை ஸ்டார்). 400/690 அல்லது 380/660 எண்டு இருந்தால் டெல்ராவிலயே 400 வேணும், வீட்டுக் கரண்டில இருந்து நேரா அந்த 400 வராது. 415 எண்டோ 400/440 எண்டோ ஒரே கோட்டில இருந்தால் பெரும்பாலும் இந்தியாவில இல்லாட்டி இங்கிலாந்தில செய்த பழைய மோட்டர், அதைத் திறந்து உள்ளுக்க எத்தினை வயர் வருது எண்டு பாக்கவேணும். கோல்செஸ்டர், ஹரிசன், மைஃபோர்ட், கிர்லோஸ்கர், எச்எம்டி எண்டு எந்தப் பேர் மெசின்ல இருந்தாலும் முடிவெடுக்கிறது மோட்டர்ர தகடுதான், ஏனெண்டால் இவ்வளவு வருசத்தில யாரும் மோட்டரை மாத்தியிருக்கலாம்.

தகட்டில 200 வோல்ட் எண்டு மட்டும் கிடக்கு. பிழையான மெசினோ?

இல்லை, அது ஜப்பான் மெசின். ஜப்பானில ஃபக்டரிக்குக் குடுக்கிற த்ரீ பேஸே 200 வோல்ட்தான், அதிலயும் கிழக்குப் பக்கம் 50 ஹேர்ட்ஸ், மேற்குப் பக்கம் 60 ஹேர்ட்ஸ். ரீகண்டிசன் சாமானோட வாற மெசின்ல இதைக் கனக்கக் காணலாம். 400 வோல்ட் லைன்ல நேரா குடுத்தால் கருகிப் போகும், ஆனா சிங்கிள் பேஸ் வீட்டுக்கு இதைவிட நல்ல மோட்டர் கிடையாது, கீழ சொல்லுற விஎப்டி எண்ட கரண்ட் மாத்துற பெட்டியில 200 எண்டு செட் பண்ணிவிட்டால் ஒரு வயரும் மாத்தாமல் ஓடும்.

வீட்டுக்கே த்ரீ பேஸ் எடுக்கலாம்தானே?

எடுக்கலாம், கிடைச்சால் அதுதான் திறம். எங்கட நாட்டில சிங்கிள் பேஸ் 230, த்ரீ பேஸ் 400, ரெண்டும் 50 ஹேர்ட்ஸ். 30 அம்பியர் சிங்கிள் பேஸ் கனெக்சனில 7 கிலோவாட்டுக்குக் கிட்டத்தான் எடுக்கலாம், 15 அம்பியர் எண்டால் அதில பாதி, 30 அம்பியர் த்ரீ பேஸ் எண்டால் 20 கிலோவாட் அளவில வரும். ரெண்டு மூண்டு பெரிய மெசின் வைச்சு காசுக்கு வேலை செய்யப் போறீங்களெண்டால் மின்சார சபையின்ர உங்கட ஏரியா ஒபிசில போய்க் கதையுங்கோ, அப்பிடி வேலை செய்யிறதுக்கு எந்தக் கட்டண வகையில பதிய வேணுமெண்டும் அங்கயே கேளுங்கோ.

பிரச்சினை என்னெண்டால் மெயின் றோட்டில இருந்து உள்ளுக்க போற சில ஒழுங்கையளுக்கு சிங்கிள் பேஸ் மட்டும்தான் இழுத்திருக்கு. உங்கட போஸ்ட் வரைக்கும் த்ரீ பேஸ் வருதா எண்டதை முதல் கேளுங்கோ. வராட்டி போஸ்ட் நட்டு லைன் இழுக்கிற செலவு உங்கட தலையில விழும், அந்தக் காசுக்கு இன்னொரு லேத் வாங்கலாம்.

பழைய மோட்டரைக் கழட்டி எறிஞ்சிட்டு சிங்கிள் பேஸ் மோட்டர் ஒண்டைப் போட்டால் சுகம்தானே?

கனபேர் செய்யிறது இதுதான், எனக்கு மனசு பதறுறதும் இதைப் பாக்கேக்கதான். ட்ரில், கிரைண்டர், இரும்பு அறுக்கிற மெசின் எண்டால் போடுங்கோ, ஒண்டும் நடக்காது. லேத்துக்கு வேண்டாம் எண்டு சொல்லுறன். த்ரீ பேஸ் மோட்டர் சீரா இழுக்கும், சிங்கிள் பேஸ் மோட்டர்ர இழுவை செக்கனுக்கு 100 தரம் ஏறி இறங்கும், அந்த நடுக்கம் பெல்ட் வழியா, இரும்பைப் பிடிச்சுச் சுத்துற சக்குக்குப் போய் கடைசல்ல கோடு கோடா விழும். மற்றது லேத்தை நிமிசத்துக்கு ரெண்டு தரம் நிப்பாட்டி அளந்து திரும்பப் போடுவம், கப்பாசிற்றர் ஸ்டார்ட் மோட்டருக்கு அது சரிவராது, உள்ளுக்க இருக்கிற சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் தேஞ்சு போகும், கப்பாசிற்றர் வெடிக்கும். ஓடிக்கொண்டிருக்கேக்க றிவேர்ஸ் போடவும் ஏலாது, நிண்டாப் பிறகுதான் போடலாம்.

அதோட அந்தப் பழைய மோட்டர் மெசினோட அளவா சேர்ந்து வந்தது, கால், சாவ்ட் தடிப்பு, உயரம் எல்லாம் மெசினுக்கெண்டே செய்தது. அதைச் செம்புக் கம்பி விலைக்கு வித்துப்போட்டால் திரும்ப எடுக்க ஏலாது. மோட்டரை வைச்சுக்கொண்டு கரண்டை மாத்துங்கோ.

விஎப்டி எண்டால் என்ன? எனக்கு அது போதுமா?

ஒரு லேத், ஒரு மோட்டர், 3 எச்பிக்குள்ள, சிங்கிள் பேஸ் வீடு, இதுதான் உங்கட நிலைமை எண்டால் விஎப்டிதான் விடை, இன்னும் யோசிக்கத் தேவையில்லை. சில கடையில இன்வேட்டர் எண்டும் சொல்லுவினம், சோலருக்கு, பற்றறிக்குப் போடுற இன்வேட்டரோட குழப்பாதேங்கோ. வீட்டுக் கரண்டை உள்ளுக்க எடுத்து டிசியாக்கி, ஏறக்குறைய 325 வோல்ட் வரும், அதைத் திரும்ப வெட்டி வெட்டி த்ரீ பேஸா வெளியில விடுற பெட்டி. ஹேர்ட்ஸைக் கூட்டிக் குறைச்சால் மோட்டர்ர சுத்தும் கூடிக் குறையும், மெல்லமா எடுக்கும் (ஸ்டார்ட் பண்ணும்), மெல்லமா நிப்பாட்டும், றிவேர்ஸும் போடும்.

முக்கியமா ஒண்டு, 230 உள்ளுக்க போனால் 230க்கு மேல வெளியில வராது. அதாலதான் தகட்டைப் பாக்கச் சொன்னது. 230/400 மோட்டரை டெல்ராவுக்கு மாத்தவேணும், மோட்டர்ர பெட்டியைத் திறந்தால் ஆறு ஆணி இருக்கும், மூண்டு ஆணி ஒரே வரிசையில தகட்டால சேர்த்திருந்தால் அது ஸ்டார், அந்தத் தகடுகளைக் கழட்டி மேல ஒண்டு கீழ ஒண்டா மூண்டு சோடியாப் போட்டால் டெல்ரா. ஸ்டாரிலயே விட்டிட்டு 230 குடுத்தாலும் மோட்டர் சுத்தும், ஆனா இழுவை மூண்டில ஒரு பங்குதான் இருக்கும், கொஞ்சம் ஆழமா வெட்டினால் நிண்டிடும், பிறகு விஎப்டி கூடாது எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிவினம்.

வாங்கேக்க எச்பியை மட்டும் பாக்காமல் டெல்ராவில மோட்டர் எடுக்கிற அம்பியரைப் பாருங்கோ, தகட்டில 8.0/4.6 எண்டு இருந்தால் பெரிய இலக்கம்தான் உங்களுக்கு. மோட்டர் 3 எச்பி எண்டால் 2.2 கிலோவாட் பெட்டி, உள்ளுக்க போற கரண்ட் முழு லோடில 20 அம்பியரைத் தாண்டும், அதால 30 அம்பியர் கனெக்சனும் தனி வயரும் தனி பிரேக்கரும் வேணும், கிணத்து மோட்டரும் அதே நேரம் ஓடக்கூடாது. 15 அம்பியர் வீடு எண்டால் 1 எச்பிக்கு மேல ஆசைப்படாதேங்கோ.

செட்டிங்கில மோட்டர்ர வோல்ட், அம்பியர், ஹேர்ட்ஸ், சுத்து நாலையும் தகட்டில உள்ளபடி அடிச்சு, எடுக்கிற நேரமும் நிப்பாட்டுற நேரமும் 3 தொடக்கம் 5 செக்கன் குடுங்கோ. சக் திருகிப் பூட்டுற மாதிரி பழைய லேத்துக்கு நிப்பாட்டுற நேரத்தை இன்னும் கூட்டுங்கோ, கெதியா நிப்பாட்டினால் சக் தானாக் கழண்டு உருண்டு வரும். றிவேர்ஸும் அப்பிடித்தான்.

எங்கட மோட்டருக்க மூண்டே மூண்டு வயர்தான் வருது. ஆறு ஆணி இல்லை. முடிஞ்சுதா?

முடியேல்ல. அது உள்ளுக்கயே ஸ்டார் கட்டி மூடின மோட்டர், அந்த ஸ்டார் முடிச்சு சுத்துக்கட்டுக்குள்ள எங்கயோ ஒளிச்சிருக்கு. கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ மோட்டர் ரீவைன்டிங் செய்யிற ஆரும் நல்ல ஆளிட்ட குடுத்து, முழுசாக் கட்டத் தேவையில்லை, ஸ்டார் முடிச்சை மட்டும் பிரிச்சு மூண்டு வயர் வெளியில எடுத்துத் தாங்கோ எண்டு சொல்லுங்கோ. மோட்டரைச் சூடாக்கி வார்னிசை இளக்கி, கட்டுநூலை வெட்டி, மூண்டு முனை சேர்ற இடத்தைத் தேடி (ரெண்டு கம்பி சேர்த்துச் சுத்தியிருந்தால் ஆறு முனை வரும்) பிரிச்சு, புது வயர் சோல்டர் பண்ணி, குழாய் போட்டு, திரும்ப வார்னிஸ் அடிக்கவேணும். வார்னிசை அவசரப்பட்டு இழுத்தால் பழைய கம்பியின்ர பூச்சு உரிஞ்சிடும், அதாலதான் கை பழகின ஆளிட்டக் குடுக்கச் சொல்லுறது.

ஸ்டார் முடிச்சில இருந்து வந்த மூண்டும் கம்பிச் சுத்துகளின்ர கடைசி முனை, ஏற்கனவே வெளியில இருந்தது தொடக்கம். ஒவ்வொரு சுத்தின்ர கடைசியையும் அடுத்த சுத்தின்ர தொடக்கத்தோட சேர்த்தால் டெல்ரா. எது எதின்ர சோடி எண்டதை மீற்றர் வைச்சுப் பார்த்து, அங்கயே பேப்பர் ஒட்டி எழுதிக் கொண்டு வாங்கோ.

ரெண்டு வேகம் உள்ள மோட்டர் எண்டால் இந்த வேலை அநேகமாச் சரிவராது, அதுக்கு அடுத்த கேள்வியைப் பாருங்கோ.

230 போட்டு 400 வெளியில எடுக்கிற பெட்டி இருக்காமே?

இருக்கு. உள்ளுக்கயே வோல்ட்டைக் கூட்டுற சீனா விஎப்டி விக்கினம், தரம் ஒண்டுக்கொண்டு வித்தியாசம், அதால மோட்டரைவிட ஒரு அளவு பெருசா வாங்குங்கோ. மற்ற வழி 230ஐ 400 ஆக்கிற ட்ரான்ஸ்போமர் ஒண்டை முன்னுக்குப் போட்டு, அதுக்குப் பின்னால 400 வோல்ட் விஎப்டி. அப்பிடிச் செய்தால் மூண்டு பேஸ் வரவேண்டிய வாயில ரெண்டு வயர்தான் போகும், பேஸ் இல்லை எண்டு பெட்டி நிண்டிடும், அந்தக் காவலை நிப்பாட்ட ஏலுமான பெட்டியா எண்டு பார்த்து, அதிலயும் ரெண்டு அளவு பெருசா எடுக்கவேணும். பாரம், காசு, ஆனா உறுதி.

கப்பாசிற்றர் போட்டு ஓட்டலாம் எண்டு ஒரு அண்ணை சொன்னவர்.

உண்மைதான். டெல்ராவில கட்டின மோட்டர்ர ரெண்டு முனைக்கு 230 குடுத்து மூண்டாவதுக்கு ஒரு கப்பாசிற்றரால குடுத்தால் ஓடும், கணக்கு கிலோவாட்டுக்கு 70 மைக்ரோஃபரட் அளவில. ஓடுறதுக்கெண்டு செய்த கப்பாசிற்றர் வேணும், எடுக்கிறதுக்கு மட்டும் செய்த கறுத்த டப்பா வெடிக்கும். பலம் 70 வீதத்துக்குக் கிட்டத்தான் வரும், எடுக்கேக்க இன்னும் குறைவு. ட்ரில்லுக்கு, சாணைக்குப் போதும்.

இதையே பெருசாச் செய்தால் ரோட்டரி கொன்வேட்டர். ஒரு த்ரீ பேஸ் மோட்டரைச் சும்மா ஓட விட்டு அதில இருந்து மூண்டாவது பேஸை எடுக்கிறது, அந்தச் சும்மா ஓடுற மோட்டர் உங்கட பெரிய மெசின்ர மோட்டரைவிட ஒண்டரை ரெண்டு மடங்கு இருக்கவேணும். மூண்டு நாலு மெசின் இருந்து ஒண்டொண்டாப் பாவிக்கிற ஆளுக்கு இது நல்லம், மெசின்ர பழைய சுவிட்ச் ஒண்டையும் தொடத் தேவையில்லை. ஆனா இதிலயும் 230தான் வரும், 400 வேணுமெண்டால் ட்ரான்ஸ்போமர் வேணும், நாள் முழுக்க இரையும்.

விஎப்டி போட்டாப் பிறகு மெசின்ர பழைய சுவிட்ச், தண்ணி பம்ப், லைட் எல்லாம்?

விஎப்டிக்கும் மோட்டருக்கும் நடுவில ஒரு சுவிட்சும் வரக்கூடாது, ஓடேக்க அதை வெட்டினால் பெட்டி செத்திடும். பழைய முன்-பின் கைபிடியைக் கழட்டாதேங்கோ, அதில வந்த 400 வயரைக் கழட்டிப்போட்டு விஎப்டியின்ர சின்னக் கட்டுப்பாட்டு வயரைக் கொழுவினால் கைபிடி பழையபடி வேலை செய்யும், மெசின் தன்ர குணத்தோடயே இருக்கும். கூலன்ட் பம்புக்கு சின்ன சிங்கிள் பேஸ் பம்ப் ஒண்டு தனியா. லைட்டுக்கு 24 வோல்ட் எல்ஈடி.

கரண்ட் நிண்டு திரும்ப வரேக்க மெசின் தானா ஓடுமா?

ஓட விடக்கூடாது. இதைத்தான் நான் எல்லாரிட்டயும் திரும்பத் திரும்பக் கேக்கிறன். எங்கட பக்கம் கரண்ட் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும், 2022 பங்குனிக் கடைசியில நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கரண்ட் போயிட்டுது எண்டு சக்குக்க சாவியை விட்டிட்டு எழும்பிப் போவீங்கள், பிள்ளையள் கொட்டிலுக்க நிக்கும், கரண்ட் வரும். பழைய கொன்டக்டர் (கரண்ட் இருக்குமட்டும் இழுத்துப் பிடிக்கிற சுவிட்ச்) ஸ்டார்ட்டர்ல இந்தக் காவல் தானாவே இருக்கு, கரண்ட் போனால் விழுந்திடும், பிறகு பச்சை பட்டன் அமத்தினால்தான் எடுக்கும். விஎப்டியில கைபிடியை ஓட்டத்திலயே விட்டிருந்தால் சில பெட்டி கரண்ட் வந்த உடன எடுத்திடும். செட்டிங்கில அதைத் தடுக்கலாம், பெட்டியின்ர கைநூலில தேடுங்கோ, செட் பண்ணினாப் பிறகு சக்கை வெறுமையா விட்டு, மெயினை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கோ. ஏலாத பெட்டி எண்டால் முன்னுக்கு ஒரு கொன்டக்டரும் பட்டனும் போடுங்கோ. கைக்கு எட்டுற இடத்தில சிவப்புக் காளான் பட்டன் ஒண்டும் கட்டாயம்.

எர்த் கம்பி வீட்டில இருக்குத்தானே, பட்டறைக்கும் வேணுமா?

மின்சார சபை எங்களுக்குத் தாறது பேஸும் நியூட்ரலும் மட்டும்தான், எர்த் உங்கட வளவு மண்ணில நீங்கள் அடிக்கிற கம்பிதான். அந்த மண் சித்திரை கழிஞ்சு ஆவணி புரட்டாதி வரை காஞ்சு வெடிச்சுக் கிடக்கு, முல்லைத்தீவுக் கரையோரம் எண்டால் மணல். ஒரு கணக்குப் பாருங்கோ, எர்த் கம்பியின்ர தடை 50 ஓம் எண்டால் பேஸ் வயர் லேத்தில முட்டினாலும் ஓடுற கரண்ட் 5 அம்பியர்கூட வராது. 20 அம்பியர் பிரேக்கர் அசையாது. லேத் முழுக்கக் கரண்டோட நிக்கும், நீங்கள் செருப்பில்லாமல் சீமெந்து நிலத்தில நிப்பீங்கள்.

அதால உயிரைக் காக்கிறது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்தான். விஎப்டி போட்டாப் பிறகு அது சும்மா சும்மா விழுது எண்டு சொல்லி நேரா வயரைக் கொழுவிற ஆக்கள் இருக்கினம், அப்பிடிச் செய்யாதேங்கோ, தயவு செய்து. பட்டறைக்குத் தனி ட்ரிப் சுவிட்ச் போடுங்கோ, சாதாரண ஏசி வகை விஎப்டிக்குச் சரிவராது, ஏ வகையோ பி வகையோ எண்டு பெட்டியின்ர கைநூலில போட்டிருக்கும். மோட்டருக்குப் போற வயர் கட்டையா, சுத்திவர வலை போட்டதா இருந்தால் கசிவும் குறையும். எர்த் கம்பியை ஈரம் நிக்கிற இடத்தில, கிணத்தடி, வாழைப் பாத்திப் பக்கம் ஆழமா அடிச்சு, கோடையிலதான் அளந்து பாக்கவேணும், மாரியில அளந்தால் நல்ல இலக்கம்தான் காட்டும்.

இடி மின்னல்?

சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேரம் முழங்கத் தொடங்கினால் மெயினை ஓஃப் பண்ணுறதோட நிக்காமல் பிளக்கையே கழட்டுங்கோ. மற்றச் சனியன் எறும்பும் பல்லியும், சூட்டுக்கு பெட்டிக்குள்ள போய்ப் படுத்து போர்டைச் சுட்டுப்போடுங்கள், அதோட இரும்புத் தூளும். மூடின தகரப் பெட்டிக்குள்ள, காத்து வாற ஓட்டைக்கு வலை அடிச்சு வையுங்கோ. திறந்து துப்புரவாக்க முதல் கரண்டை நிப்பாட்டி 10 நிமிசம் பொறுங்கோ, உள்ளுக்க அந்த 325 வோல்ட் இன்னும் நிக்கும்.

பின்னேரத்தில மெசின் இழுக்குதில்லை, ஏன்?

230இல 6 வீதம் கூடிக் குறையலாம் எண்டது சட்டம், அதாவது 216 வரை இறங்கலாம். லைன்ர கடைசி வீட்டில மாலை ஆறரைக்குப் பிறகு ஊரெல்லாம் லைட், பான், அயன் போடேக்க அதைவிடவும் இறங்கும். பாரமான வெட்டை பகலில செய்யுங்கோ. மீற்றரடியில இருந்து கொட்டிலுக்கு 30 மீற்றர் மெல்லிய வயர் இழுத்திருந்தால் குற்றம் லைன்ல இல்லை, உங்கட வயரில, 4 சதுர மில்லிமீற்றருக்கு மாத்துங்கோ.

சோலரில, ஜெனரேற்றரில ஓடுமா?

ஓடும், விஎப்டி இருந்தால் நல்லாவே ஓடும். விஎப்டி இல்லாமல் நேரா கொழுவின மோட்டர் ஸ்டார்ட் ஆகிற நேரம் 5 தொடக்கம் 7 மடங்கு கரண்ட் இழுக்கும், அதாலதான் சின்ன ஜெனரேற்றர் திணறிறது. விஎப்டி மெல்லமா எடுக்கிறதால 5 கிலோவாட் ஹைபிரிட் சோலர் இன்வேட்டரில 2 எச்பி லேத் சுகமா ஓடும். தொண்ணூறுகளில கரண்டும் இல்லை, டீசல், பற்றறி எல்லாம் தடை, அப்பவும் மண்ணெண்ணெயில எஞ்சினை எடுத்து வேலை பாத்த சனம் இது, இப்ப வெயிலே மோட்டரைச் சுத்துது.

மோட்டர் கன வருசம் மழையில கிடந்தது. அப்பிடியே போடலாமா?

போடாதேங்கோ. 500 வோல்ட் மெகர் (கசிவு இருக்கா எண்டு பாக்கிற மீற்றர்) வைச்சு கம்பிச் சுத்துக்கும் மோட்டர்ர உடம்புக்கும் நடுவில பாருங்கோ, 1 மெகா ஓமுக்குக் கீழ எண்டால் மூடியைக் கழட்டி, வெயிலில வைச்சு, இரவில பழைய 100 வாட் குண்டு பல்பை உள்ளுக்க எரிய விட்டு, சில நாள் கழிச்சுத் திரும்பப் பாருங்கோ. ஏறி வந்தால் பேரிங் மாத்திப் பாவியுங்கோ, ஏறாட்டி ரீவைன்டிங். ரீவைன்டிங்தான் எண்டால் ஆறு வயரும் வெளியில எடுத்து 230 டெல்ராவுக்குக் கட்டச் சொல்லுங்கோ.

வேகத்தை விஎப்டியால மாத்தலாமெண்டால் பெல்ட்டை ஒரே இடத்தில விடலாமா?

விடாதேங்கோ. 20 ஹேர்ட்ஸுக்குக் கீழ மோட்டர்ர விசிறி காத்தடிக்காது, சூடேறும், பலமும் குறையும். பெரிய புஷ் குடையிறது, மில்லு சாவ்ட் கடையிறது எண்டால் பெல்ட்டாலயோ பின் கியராலயோ வேகத்தைக் குறைச்சு மோட்டரை 50க்குக் கிட்ட ஓட விடுங்கோ.

அதே விஎப்டியில வெல்டிங் பிளான்ட் கொழுவலாமா?

ஏலாது. அது மோட்டருக்கு மட்டும்.